வேற ஒண்ணும் இல்ல சார்

என் நெஞ்சுக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி சித்தூரில் எங்கள் சபைக்கு எட்டியதுதான் தாமதம், என் சமையலறை நாட்டு மருந்துக்கடை ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்புகிறவர் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைப்பது எங்கள் சபை வழக்கம். முன்பெல்லாம் வருகிறவர்கள் கையில் ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட் பொட்டலமும் இருக்கும். இப்போது ஆளுக்கொரு மருந்து. பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம், ஆமென் எல்லாம் முடிந்ததும் பைகள் திறக்கும், பாட்டில்கள் வெளியே வரும்.

பெண்கள் ஐக்கியத்துத் தலைவி கொண்டுவந்தது பூண்டு ரசம் என்று நினைத்துவிடாதீர்கள். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை மூன்றையும் பிழிந்து, வினிகர் ஊற்றிக் காய்ச்சி, தேன் கலந்தது. மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும். "டீச்சர், காலைல ஒரு அவுன்ஸ், சாய்ங்காலம் ஒரு அவுன்ஸ். எங்க நாத்தனார் வூட்டுக்காரருக்கு மூணு அடைப்பு இருந்துச்சி. இத்த குட்ச்சிக்கினே வந்தாரு, மூணும் கரைஞ்சி பூட்ச்சி. இப்ப கில்லி மாதிரி நடந்துக்கினு கீறாரு" என்றாள். அந்த நாத்தனார் வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. சித்தூரில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், அடைப்பு கரைந்துபோன ஆள். இன்னொருத்தி மருதம்பட்டை கொண்டுவந்தாள். தெலுங்கில் தெல்லமத்தி என்போமே, அதுதான். போகும்போது எல்லோரும் ஒரே மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்: "டாக்டராண்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவுங்க ஒத்துக்க மாட்டாங்க."

நான் சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. தெலுங்கு டீச்சராக முப்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். தமிழச்சி வந்து தங்களுக்குத் தெலுங்கு சொல்லித் தருவதா என்று முறைத்த பிள்ளைகளை அதட்டி அதட்டியே என் தொண்டை இப்படிக் கரகரத்துப் போனது. அப்படிப்பட்ட நானும் அந்தப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன், குடித்தேன். வேண்டாம் என்றால் அவர்கள் ஜெபத்தையே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள் என்பது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகனுக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தனியாகப் படுத்துக்கொண்டு நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவள் எதைக் கொடுத்தாலும் குடிப்பாள்.

திருப்பதியில் எனக்கு ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டில்காரர்தான் மாமி. கோவிந்தராஜர் கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. மாமா கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம் பண்ணி ஓய்ந்தவர். மாமிக்கும் எனக்கும் ஒரே நாளில்தான் கம்பி உள்ளே போனது. எனக்கு இரண்டு, அவருக்கு ஒன்று. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மாமி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாமா காலையிலும் மத்தியானமும் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நிற்பார். நான் மரியாதைக்கு இரண்டு பிஸ்கட் நீட்டினேன்.

"மன்னிச்சுக்கோங்கோ டீச்சர். வெளியில எதுவும் சாப்பிடற வழக்கமில்லை. ஆத்துல பெருமாளுக்குக் காட்டினதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. "இன்னா மாமி, உங்க கைல வுட்ட குழாவும் என் கைல வுட்ட குழாவும் ஒரே டாக்டர் வுட்டதுதானே?" என்றேன். மாமி கோபித்துக்கொள்ளவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதேங்கோ, வலிக்கறது" என்றார். அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் ரிவ்யூவுக்கு ஒரே நாளில் வரும்படி சீட்டு வாங்கிக்கொண்டோம். நான் சித்தூரில் விடியற்காலை பஸ் ஏறினால் சந்திரகிரி தாண்டும்போது நன்றாக வெயில் வந்திருக்கும். மாமி எனக்கு முன்பே வந்து ஓ.பி. பெஞ்சில் இடம் பிடித்து, தன் பையைப் பக்கத்தில் வைத்து எனக்கும் இடம் வைத்திருப்பார். ஒரு நாள் எங்கள் சபை பாட்டிலில் கொஞ்சம் ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன். மூடியைத் திறந்தவர் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டார்.

"பெருமாளே! பூண்டா?"

"பூண்டு, இஞ்சி, வினிகரு. அடைப்பு கரையும் மாமி."

"அடைப்பு கரையறதுக்கு முன்னாடி எங்காத்து மாமா என்னை ஆத்தை விட்டே அனுப்பிடுவார்."

பதிலுக்கு அவர் எனக்கு ஒரு பிளாஸ்க்கில் மருதம்பட்டைப் பால் கொண்டுவந்தார். பட்டையைப் பாலில் போட்டுச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டது. வாயில் வைத்தால் எங்கள் சபைப் பட்டையும் இதுவும் ஒரே மரம்தானா என்று சந்தேகம் வரும். சும்மா சொல்லக்கூடாது, மடைப்பள்ளிக்காரர் வீட்டுக் கை.

அந்த ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம் என்பதால் மூன்று பேரை ஒன்றாக உள்ளே கூப்பிடுவார்கள். ஒருவரை டாக்டர் பார்க்கும்போது மற்ற இருவரும் உள்ளேயே சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மானம் மரியாதை எல்லாம் வெளியே செருப்போடு விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். டாக்டர் சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர், எப்போதும் அவசரம். எங்கள் முதல் ரிவ்யூவில் எங்களோடு ஏர்பேடு பக்கத்து விவசாயி ஒருவர் உள்ளே வந்தார். டாக்டர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டார்: "வேரே மந்துலு ஏமைனா வாடுதுன்னாரா?" வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. அந்த மனிதர் வெள்ளந்தி. மடியிலிருந்து ஒரு லேகியப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் அதை அப்படியே எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "இது வேணுமா, நான் வேணுமா? நீயே முடிவு பண்ணிக்கொண்டு வா" என்று தெலுங்கில் கத்தினார். அந்தப் பெரிய மனிதர் முகம் சுண்டிப்போய் நின்றதைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அடுத்தது மாமி. அதே கேள்வி. மாமி தலையைக்கூட நிமிர்த்தாமல், "லேது சார்" என்றார். அடுத்து நான். "வேற ஒண்ணும் இல்ல சார்." தெலுங்கில் சொல்ல வேண்டியது வாய் தவறித் தமிழில் வந்துவிட்டது. வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அதற்கப்புறம் அந்த இரண்டு பதில்களும் மாறவே இல்லை.

நடுவில் ஒரு ரிவ்யூவில் டாக்டர் எங்கள் இருவருக்கும், தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளைக் குறைத்து, ரத்தத்தை இளக்குகிற மருந்தும் கொழுப்பு மருந்தும் சேர்ந்த ஒரே கேப்சூலாக எழுதிக் கொடுத்தார். எனக்கு நிம்மதி. மாமிக்குத்தான் ஆபத்து அந்த வடிவத்தில் வந்தது. அடுத்த முறை பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"டீச்சர், அந்தக் கேப்சூல் மேல் உறை எதுல பண்றா தெரியுமோ? மாட்டு எலும்பு, தோல் எல்லாத்தையும் காய்ச்சி எடுக்கறாளாம். என் தங்கை பிள்ளை போன்ல காமிச்சான். எனக்கு ஒரு நாள் முழுக்க வயத்தைப் பிரட்டிண்டே இருந்தது."

"அய்யய்யோ. அப்ப துன்றதில்லையா நீங்க?"

"மருந்தை விடுவேனா? உறையைப் பிரிச்சுத் தூரப் போட்டுடறேன். உள்ளே கடுகு மாதிரி சின்னச் சின்ன உருண்டையா இருக்கு. அதைக் கல்வத்துல போட்டுத் தேன் விட்டு நன்னா இழைச்சுடறேன். அந்தக் காலத்துல வைத்தியர் மாத்திரையை இழைச்சுக் குடுப்பாரே, அதே மாதிரி. பெருமாளுக்கு ஆராதனம் ஆனதும் வெறும் வயத்துல நாக்குல தடவிண்டுடுவேன். மேலே மருதம்பால்."

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப்பட்டது. கிறிஸ்தவச்சிக்கு எலும்பு பிரச்சினை இல்லை. ஆனாலும் மருந்தையும் விடாமல் ஆசாரத்தையும் விடாமல் ஒரு வழி கண்டுபிடித்தாரே என்று சபாஷ் போட்டேன். "மூளை மாமி உங்களுக்கு" என்றேன். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆர்கிட்டயும் சொல்லப்படாது. அந்த டாக்டருக்குத் தெரிஞ்சா என்னையும் லேகியத்தோட கூடையில போட்டுடுவார். சத்தியம் பண்ணுங்கோ."

"எங்க வேதத்துல சத்தியம் பண்றது கூடாது மாமி. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்."

அதன் பிறகு வந்த ரிவ்யூக்களில் மாமி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய ஆரம்பித்தார். முதலில் பெஞ்சில் எனக்கு இடம் பிடிப்பது நின்றது, நான்தான் முன்னால் போய் அவருக்குப் பிடித்து வைத்தேன். பிறகு வாசல் படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். முகம் வெளுத்துப்போய் நெற்றியில் ஸ்ரீசூர்ணம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்தார், இதயம் நன்றாகத்தான் அடிக்கிறது என்றார். ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு ஏன் இந்த மூச்சு வாங்கல் என்று அவருக்கே பிடிபடவில்லை. வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டிருக்கலாம், அடுத்த தடவை மறுபடியும் ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டியிருக்கும், வீட்டில் சொல்லி வையுங்கள் என்றார்.

வெளியே வந்து மாமி பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கண் நிறைந்து நின்றது.

"கிழிச்சுத் தைச்சா மூணு மாசம் எழுந்திருக்க முடியாதாமே. ஆத்துல பெருமாளுக்கு யார் தளிகை பண்ணுவா? மாமா கை இப்பல்லாம் நடுங்கறது. அடுப்பைப் பத்த வைக்கவே விடறதில்லை நான். ஹோட்டல்லேர்ந்து வாங்கியா பெருமாளுக்குக் காட்டறது?"

உயிரே போய்விடும் என்று நினைத்து நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் பயந்தது சமையலுக்கு. வீட்டுக்கு வந்து எங்கள் ஐக்கியப் பெண்களிடம் மாமி பேரைச் சொல்லி உபவாச ஜெபம் போடச் சொன்னேன். மாமியும் சும்மா இருக்கவில்லை, மருதம்பாலை இரண்டு வேளையாக்கினார்.

ஆஞ்சியோவுக்கு நாள் குறிப்பதற்காகப் போன அந்தக் காலையில்தான் விஷயம் வெளியே வந்தது. பெஞ்சில் எனக்கு மறுபக்கம் ஆண்கள் இருந்ததால் மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு நல்ல சேதி டீச்சர். கஷாயம் வேலை பண்ண ஆரம்பிச்சுடுத்து. கொல்லைக்குப் போனா கன்னங்கறேல்னு போறது. உள்ளே இருந்த கசடெல்லாம் வெளியேறறதுன்னு நினைக்கறேன்."

என் வீட்டுக்காரருக்குக் கடைசியில் அப்படித்தான் போனது. முட்டிவலிக்குக் கடையில் வாங்கி வாங்கி விழுங்கிய மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து, தார் மாதிரி கறுப்பாகப் போனது. நாங்கள் அதைப் பித்தம் என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது நேரம் கடந்துவிட்டது.

"எத்தினி நாளா மாமி?"

"அது ஆச்சு, ரொம்ப நாளா."

"அது கசடு இல்ல மாமி. ரத்தம். உள்ள போய் டாக்டராண்ட சொல்லுங்க."

"சும்மா இருங்கோ. ஆம்பிளை டாக்டர்கிட்ட போய் அதெல்லாம் பேசறதா?"

அதற்குள் நர்ஸ் எங்கள் மூவர் பேரையும் கூப்பிட்டாள். மூன்றாவது ஆள் யாரென்று இப்போது நினைவில்லை, காது கொடுத்து எல்லாவற்றையும் கேட்டார் என்பது மட்டும் ஞாபகம். மாமி நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார். மாமி வழக்கமான பதிலைச் சொன்னார்.

"லேது சார்."

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "பொய் சார். கேப்சூல உறையப் பிரிச்சுப் போட்டுட்டு உள்ள இருக்கிற உருண்டைய அரைச்சு நக்கிக்கினு இருக்காங்க. வெறும் வயித்துல. கறுப்பா வெளிய போய்க்கினு இருக்குது, அது மருந்து வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டுக்கினு இருக்காங்க." தமிழ் பாதி தெலுங்கு பாதியாகக் கொட்டித் தீர்த்தேன்.

மாமி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா. நான் கரிந்துபோகாததுதான் பாக்கி. அடுத்த நொடி அவரும் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"நன்னா இருக்கே! என்னைச் சொல்ல வந்துட்டா. அவ என்ன பண்றான்னு கேளுங்கோ. ரெண்டு வேளையும் பூண்டையும் வினிகரையும் அவுன்ஸ் அவுன்ஸா ஊத்திக்கறா. கையைத் தூக்கிக் காமிக்கச் சொல்லுங்கோ. இடிச்சுக்காமலே நீலம் நீலமா இருக்கு. பல் தேய்ச்சா ரத்தம் வரதாம். உங்ககிட்ட சொன்னாளோ?"

நான் புடவைத் தலைப்பை இழுத்துக் கையை மூடினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கத்தப் போகிறார், இரண்டு பேரையும் ஒரேயடியாக வெளியே தள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குள் இருந்த டீச்சர் அப்போதுதான் முழுசாக வெளியே வந்தாள். "எப்படி சார் சொல்வோம்? அந்த லேகியக்காரர் சொன்னாரு. என்ன பண்ணீங்க? பெரிய மனுஷன், எல்லார் எதிரிலும் குப்பைக் கூடையில போட்டீங்க. அதப் பார்த்துட்டு எவ வாயைத் திறப்பா?"

அவர் முகம் சிவந்தது. நாற்காலியை மாமிக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து மறுபடி கேட்க ஆரம்பித்தார். இந்தத் தடவை சீட்டைப் பார்க்கவில்லை. எப்போது அரைப்பீர்கள், எதில் அரைப்பீர்கள், பால் எவ்வளவு, பட்டை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு விளக்கினார். அந்த உருண்டைகளில் சிலவற்றின் மேல் வயிற்றில் கரையாத பூச்சு இருக்கிறதாம், குடலுக்குப் போன பிறகுதான் மருந்து வெளிவர வேண்டுமாம். அரைத்தால் பூச்சு போய்விடும். பச்சை மருந்து வெறும் வயிற்றில் தினமும் பட்டுப் பட்டுப் புண்ணாக்கியிருக்கிறது. ரத்தத்தை இளக்குகிற மருந்து வேறு என்பதால் புண்ணிலிருந்து கசிவது நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. உடம்பில் ரத்தம் இல்லாமல்தான் மூச்சு வாங்குகிறது. பட்டையைப் பற்றி அவர் ஏசவில்லை. ரத்தம் கசியும்போது அதுவும் சேர வேண்டாம், நிறுத்துங்கள் என்றார். என்னைப் பார்த்து, "பூண்டும் ரத்தத்தை இளக்கும், அதைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள் டீச்சர், கிளாசில் ஊற்றாதீர்கள்" என்றார்.

"உறை வேணாம்னு சொல்லியிருந்தா மாத்திரையாவே எழுதியிருப்பேனே அம்மா" என்று மாமியிடம் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

அங்கேயே அட்மிட் பண்ணிவிட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. மத்தியானம் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். புண் இருந்தது, இன்னும் கசிந்துகொண்டிருந்தது, அங்கேயே அதை அடைத்தார்கள். ஆஞ்சியோ வேண்டாம், பைபாஸ் பேச்சே இல்லை. ஆனால் இன்றைக்கே இரண்டு பை ரத்தம் ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரிக்குள் இதயம் தாங்காது என்றார்கள். சம்மதக் கையெழுத்து வேண்டும்.

மாமா வந்திருந்தார். நடந்ததையெல்லாம் நான்தான் சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கைகள் நடுங்க வராந்தாவில் நின்றுகொண்டு, "அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! பிஸ்கட்டையே தொடாத மாமி, எலும்பு உறை என்றதும் ஒரு நாள் முழுக்க வயிறு பிரட்டியவர், யாரோ ஒருவருடைய ரத்தத்தை உடம்பில் ஏற்றிக்கொள்ளச் சம்மதிப்பாரா? அவரைக் கேட்டுக்கொண்டு நிற்கிற நேரமா இது? மகன் ஸ்ரீ சிட்டியிலிருந்து போன் பண்ணினான். "இன்னும் திருப்பதியிலயா கீற? கடைசி பஸ்ஸு பூடும்மா, கிளம்பு" என்றான். "பஸ் போனா போவுது" என்று வைத்துவிட்டேன். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், ஜெபம் பண்ணினேன், நடுநடுவே மாமியைத் திட்டவும் செய்தேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. சொல்லியும் பலனில்லாமல் போய்விடுமோ என்பதுதான் என்னை உருக்கியது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் நர்ஸ் வந்து, "டீச்சரம்மா யாரு? உள்ள கூப்பிடுறாங்க" என்றாள்.

மாமி கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார். கம்பியில் ஒரு பை ரத்தம் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் அவர் கைவரை வந்து பிளாஸ்திரியில் முடிந்திருந்தது. ரத்தம் இறங்குகிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று எனக்குப் புரியவில்லை. மாமி பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யாரோடது? கேட்டுச் சொல்லு" என்றார். டாக்டர் அறையில் நடந்த சண்டைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. "யாரோடதா இருந்தா இன்னா மாமி? பிராமணனோடதா, மீன் துன்றவனோடதா, மாடு துன்றவனோடதான்னு பார்க்கிற நேரமா இது? உயிர் போய்க்கினு இருக்குது. உங்க பெருமாளே வந்தாலும் மொதல்ல ஏத்திக்கோன்னுதான் சொல்வாரு. ஆசாரத்த எல்லாம் பொழைச்சு எழுந்து வந்து பார்த்துக்கோங்க. அந்த மனுஷன் வெளிய கை நடுங்க நின்னுக்கினு இருக்காரு..."

"நீ கொஞ்சம் வாயை மூடறியா?"

மூடினேன்.

"கையெழுத்து அப்பவே போட்டாச்சு. ரத்தம் உள்ளே போயிண்டுதான் இருக்கு. கண்ணு தெரியலையா உனக்கு?" குனிந்து பார்த்தேன். குழாயின் நடுவில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மாமி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "எவனோ ஒருத்தன், எந்தாத்துப் பிள்ளையோ, கையை நீட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கான். நாளைக்கு மாமாவை சந்நிதிக்கு அனுப்பி அவன் பேருக்கு அர்ச்சனை பண்ணச் சொல்லணும். பேரும் நட்சத்திரமும் கேப்பாளே. பேர் தெரியாம எப்படிப் பண்றது?"

நர்ஸைக் கூப்பிட்டுத் தெலுங்கில் கேட்டேன். பேரெல்லாம் தர மாட்டார்கள், அவளுக்கே தெரியாது என்றாள். பையைத் திருப்பிப் பார்த்தேன். ஏதோ நம்பர், தேதி, பெரிய எழுத்தில் ரத்த குரூப். வேறு ஒன்றும் இல்லை.

"பேரு போடல மாமி. ஓ பாசிட்டிவ்னு மட்டும் போட்டிருக்குது."

மாமி கண்ணை மூடிக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது.

"சரி, மாமாவைக் கூப்பிடு. அந்தப் பேரையே குடுக்கச் சொல்றேன்" என்றார்.